பத்தனையில் விட்டுவந்த கயிறு

சம்பந்தி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கோபிக்காமல் படியுங்கள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் சில இடத்தில் மலை ஏறுகின்றன, சில இடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொள்கின்றன. ஒரு வரி முடிவதற்குள் பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிப்போகிறது. பரவாயில்லை. எனக்கும் அவசரமில்லை, உங்களுக்கும் இனி அவசரமில்லை.

வாசலில் வாளிக்குள் நேற்றுக் கட்டியிருந்த சாரம் ஊறுகிறது. அதிலிருந்து அந்த வாடை வந்துகொண்டிருக்கிறது. அழுகின இலையும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்த வாடை. உங்களுக்கு மறந்திருக்காது. நான் அதை முகர்ந்தவன்தான், நீங்கள் குடித்தவர். காலையிலேயே துவைத்துக் காயப்போட்டிருக்கலாம். வாடை போவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

ஆமாம் சம்பந்தி, நேற்று நான் பத்தனைக்குப் போனேன். நம் தோட்டத்துக்கு மேலே, காட்டைத் தாண்டி இருக்கிற அதே ஈரப் புல்வெளிக்கு. இந்தத் தடவை திருட்டுத்தனமாக இல்லை. டிக்கெட் வாங்கி, வாசல் வழியாக, நம் பேத்தி சுகன்யாவோடு போனேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததை நானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் ஏறினேன். இத்தனை வருடமும் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்தும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டும் ஏறிய ஆள் நான். கண்டக்டரிடம் "இது கொடகவெல போறதுதானே" என்று கேட்கவில்லை. அவரே வந்து "எங்க ஐயா போகணும்?" என்று கேட்டார். "போர்டுல போட்டிருக்கே, அங்கதான்" என்றேன். சுகன்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள்தான் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். உங்கள் காரியமெல்லாம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படித்துக்காட்ட ஆள் இல்லாமல் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கப் பொறுக்காமல், பழைய கலண்டரைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் 'ட' எழுதிக் காட்டினாள். இரத்தினபுரியில் மருந்துக்கடை வேலையை முடித்துவிட்டு லீவுக்கு வருகிறபோதெல்லாம் பாடம். உங்கள் மூக்கு அவளுக்கு. உங்கள் நாக்கும்தான். "தாத்தா, இது 'க' இல்ல, கால் ஒடிஞ்ச கதிரை" என்கிறாள். எனக்குக் கோபமே வருவதில்லை. இந்த வயதில் சோப்பு உறையைப் படிக்கிறேன், பிஸ்கட் பெட்டியைப் படிக்கிறேன், கோயில் சுவரில் உபயம் செய்தவர்களின் பெயரைப் படிக்கிறேன். இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று நீங்கள் ஒரு நாளும் எனக்குச் சொல்லவில்லையே.

சொன்னதெல்லாம் வேறு. தோட்டத்தின் மேல் பிரிவில், மேல்கணக்கில், நீங்கள் ஸ்டோர் வேலை, கீழ்க்கணக்கில் நான் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரன். என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த புதிதில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பத்துப் பேர் நடுவில் பேப்பரை விரித்துப் படித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நம்ம கைநாட்டுச் சம்பந்திக்கு இது விளங்குச்சா?" என்று கேட்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பெண்ணைக் கொடுத்தவன் வேறென்ன செய்வான்? வீட்டுக்கு வந்து விறகைப் பிளப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் விறகு பிளந்துகொண்டுதான் இருந்தேன். நீங்கள் மூச்சு வாங்க வந்து நின்றீர்கள்.

"ஒங்க மாடு அத்துகிட்டுப் போயிருச்சு."

"எங்க மாடா? சீரா குடுத்து ஒங்க கொட்டில்ல கட்டுன அன்னைக்கே அது ஒங்க மாடு."

"நிக்கிற மாட்ட குடுத்திருந்தா எங்க மாடு. ஓடுற மாட்டல்ல குடுத்திருக்கீங்க."

சண்டையை அங்கே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாடு நிறைசினை. என் மகள் அப்போது ஏழு மாதம், சுகன்யாவை வயிற்றில் வைத்திருந்தாள். கன்று போட்டால் பிள்ளைக்குப் பால் என்று இரண்டு வீட்டிலும் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். சீராக வந்த மாடு காணாமல் போனால், கட்டினவர் குற்றமா கொடுத்தவர் குற்றமா என்று பேச்சு வளரும். அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தாலும் நடுவில் நிற்பது என் மகள். கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு உங்களோடு கிளம்பினேன்.

மேல்மலைக்கு மேலே குளம்புத் தடம் இருந்தது. காட்டு விளிம்புவரை தொடர்ந்து போனோம். அங்கேதான் வன இலாகாப் போர்டு. நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிங்களத்திலும் படித்தீர்கள், தமிழிலும் படித்தீர்கள். எனக்குச் சுருக்கிச் சொன்னீர்கள். "உள்ள போகப்படாது. செடி கொடிய தொடப்படாது. பிடுங்குனா மறியல், உள்ள தள்ளிருவான்."

"அப்ப திரும்பிருவோமா?"

"மாட்டுக்கு படிக்கத் தெரியுமா? அது உள்ள போயிருச்சே." பிறகு என் இடுப்பைப் பார்த்தீர்கள். "கத்திய இங்கயே வைங்க. கத்தியோட கண்டான்னா மரம் வெட்ட வந்தவன்னு பிடிப்பான்."

மரக்கள்ளன் என்பதோடு விட்டால் நல்லது. சண்டை நடந்த அந்த வருடங்களில் காட்டுக்குள் கத்தியோடு அகப்படுகிற தமிழனிடம் வேறு கேள்விகளும் கேட்பார்கள். என் அடையாள அட்டை வேறு மற்றச் சட்டையில் கிடந்தது. கத்தியைப் போர்டுக்குக் கீழே ஒரு கல்லுக்குப் பின்னால் வைத்தேன். மாட்டுக் கயிறு உங்கள் தோளில் இருந்தது.

நேற்று அந்த இடத்தில் புதுப் போர்டு நிற்கிறது. நானே படித்தேன் சம்பந்தி. முழுதாக. சுகன்யா வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். 'பூச்சி உண்ணும் தாவரங்கள்' என்கிற இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினேன், அவ்வளவுதான். பின்னால் வந்த ஒரு குடும்பம் நான் முடிக்கிறவரை காத்திருந்தது.

இப்போது உள்ளே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வெறும் புல். மானாப் புல்லும் இடையிடையே கறுப்புத் தண்ணீரும். வெளி எங்கே முடிகிறது என்று தெரியாது. பாதி தூரம் போகிறபோது மலையடியிலிருந்து மூடுபனி வந்து விழுந்தது. முன்னால் போன உங்கள் முதுகு தெரிந்தது, பிறகு தோளில் கயிறு மட்டும் தெரிந்தது. தடமும் தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் நீங்கள், "சம்பந்தி, ரோடு" என்றீர்கள்.

நானும் பார்த்தேன். பனிக்குள் சிவப்பாக, தட்டையாக, நீளமாக ஒரு பட்டை. நம் தோட்டத்துச் செம்மண் ரோடு மாதிரியே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை ரோடு என்று நினைத்திருக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து மழையிலும் பனியிலும் செம்மண் ரோட்டைத் தேடித் தேடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். சிவப்பைக் கண்டால் கால் தானாகப் போகும். உங்கள் கால் போனது.

அது ரோடு இல்லை. காசு அகலத்துக்குத் தரையோடு ஒட்டிய சிவப்புப் பூண்டு. ஒவ்வொரு இலையிலும் மயிர் மயிராக நின்று, நுனியில் பசைத் துளி மினுங்கும். ஈ வந்து ஒட்டினால் இலை மெதுவாக மடங்கிக்கொள்ளும். அது முளைக்கிற இடத்தில் மண் கிடையாது, ஊறின கறுப்புக் கூழ்தான். இதெல்லாம் நேற்று அங்கே விளக்கிச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நீங்கள் மூன்று அடி வைத்ததும் உங்கள் உயரம் குறைந்ததுதான்.

முழங்கால். பிறகு தொடை. நீங்கள் ஒரு காலை இழுக்க இழுக்க மற்றக் கால் இறங்கியது. குப்புற விழுந்து, வாய் நிறைய அந்தத் தண்ணீரைக் குடித்து, துப்பிக்கொண்டு எழும்பினீர்கள். தோளில் இருந்த கயிறு எங்கே போனதென்று தெரியவில்லை.

"கிட்ட வராதீங்க," என்றீர்கள். குரல் மெதுவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயம். பீலிக்கரையில் அத்தனை சத்தமாகப் பேசுகிற ஆள். "ரெண்டு பேரும் போயிட்டா மாட்ட யாரு தேடுறது?"

"ஆடாம நில்லுங்க. ஆடுனா எறங்குது."

சுற்றிப் பார்த்தேன். கம்பு இல்லை. கத்தி போர்டடியில். ஒரு புதர்க்கட்டு மட்டும் பனிக்குள் கறுப்பாகத் தெரிந்தது. அதன்மேல் பாந்துராக் கொடி படர்ந்திருந்தது. இலை நுனியில் மூடி போட்ட சின்னச் செம்பு தொங்குமே, அதுதான். தண்ணீர் குடிக்க வருகிற ஈயை உள்ளே விட்டு முடித்துவிடுகிற செம்பு. தோட்டத்து ஓரத்தில் அந்தக் கொடியில்தான் விறகு கட்டுவோம், அறாது என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் இழுத்தேன். செம்புகள் கவிழ்ந்து, அதில் ஊறின பூச்சித் தண்ணீர் முகத்தில் கொட்டியது.

பின்னாலிருந்து நீங்கள், "சம்பந்தி, அதத் தொடாதீங்க" என்றீர்கள்.

திரும்பிப் பார்த்தேன். சேறு உங்கள் இடுப்புக்கு மேலே வந்திருந்தது.

"போர்டுல போட்டிருக்கு. மறியல்ல போடுவான்."

"போர்ட நீங்கதானே படிச்சீங்க? நான் கைநாட்டு. எனக்கு என்ன தெரியும்?"

அந்த நிலையில் நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்கச் சிரிக்க உடம்பு குலுங்கி இன்னும் கொஞ்சம் இறங்கினீர்கள். "சிரிக்காதீங்க, சிரிச்சா எறங்குறீங்க" என்று நான் கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையால் பிடுங்கி, பல்லால் கடித்து, மூன்று நான்கு கொடிகளைச் சேர்த்து முறுக்கினேன். அவசரத்தில் முறுக்கு இரண்டு தடவை அவிழ்ந்தது. ஒரு முனையைப் புதரின் அடியில் கட்டினேன். மற்ற முனையை எடுத்துக்கொண்டு புல்மேல் குப்புறப் படுத்து நகர்ந்து வந்து எறிந்தேன். எட்டவில்லை. இழுத்து மறுபடியும் எறிந்தேன். உங்கள் கை அதைப் பிடித்தபோது சேறு நெஞ்சில் இருந்தது.

"கக்கத்துல சுத்திக் கட்டுங்க. நான் இழுக்குறப்ப இழுங்க. நிறுத்துறப்ப சும்மா கெடங்க."

பழைய தேயிலைக் கட்டையைப் பிடுங்குகிற மாதிரிதான் உங்களை இழுத்தேன். வெடுக்கென்று இழுத்தால் வேர் இன்னும் பிடிக்கும். கொஞ்சம் இழுத்து, விடாமல் வைத்திருந்து, மண் இளகட்டும் என்று பொறுத்து, மறுபடி கொஞ்சம். பொறுத்திருக்கிற நேரம்தான் கொடுமை. நெஞ்சிலிருந்த சேறு இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியாது. உங்கள் மூச்சும் என் மூச்சும் மட்டும் கேட்கும். கொடியின் கணுக்கள் உள்ளங்கையை அறுத்தன. நழுவிவிடும் என்று பயந்து கையைச் சுற்றிக்கொண்டேன். ஒரு முறை நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

"சம்பந்தி, கண்ணத் தொறங்க. மகன் வீட்டுல பேரப்புள்ள வருது."

"பேத்திதான்," என்று கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள். "பொம்பளப்புள்ளதான் வரும், பாருங்க."

அதற்குப் பிறகு உங்களை விடுகிற எண்ணம் எனக்கில்லை. நீங்கள் வயிற்றால் ஊர்ந்து என் பக்கத்தில் வந்து விழுந்தீர்கள். உங்கள் கால் செருப்பு இரண்டும் இன்னமும் அங்கேதான் இருக்கின்றன.

படுத்திருந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது ஒரு சோடி சப்பாத்து. பிறகு காக்கிக் காற்சட்டை. பிறகு அந்தக் கையில் என் கவ்வாத்துக் கத்தி. வனக் காவலர் போர்டடியில் அதைக் கண்டெடுத்து நம்மைத் தேடி வந்திருந்தார். கத்தி யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். என்னுடையது என்றேன். அவர் பார்வை பிய்ந்து கிடந்த புதருக்குப் போனது. நசுங்கிய செம்புகளைப் பார்த்தார்.

"கவுத கெடுவே?" யார் பிடுங்கியது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், தரையில் கிடந்த நீங்கள், "மம" என்றீர்கள். நான்தான் என்று. பிறகு இருமி இருமிச் சிங்களத்தில் சொன்னீர்கள். மாத்தயா, இந்த மனுசனுக்கு எழுத்துத் தெரியாது. போர்டைப் படித்தவன் நான். படித்தவன்மேல்தான் குற்றம்.

கைநாட்டு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு அதை என்மேல் ஒரு போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திவிட்டீர்கள்.

காவலர் நெஞ்சுவரை கறுத்திருந்த உங்களைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து என் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் இரத்தம். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வன இலாகாக் கந்தோருக்குக் கொண்டுபோவாரா, பொலிசுக்கா, அட்டை கேட்டால் என்ன சொல்வது, மகளுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று எனக்குள் ஓடியது.

சேற்றுக்குள் நின்றுகொண்டு கரையில் இருக்கிற கொடியைப் பிடுங்கினாயா, உன் கை என்ன அவ்வளவு நீளமா என்று உங்களைக் கேட்டார். சிரிக்கவில்லை. உங்கள் கக்கத்திலிருந்து கயிற்றை அவரே அவிழ்த்து, அதைப் புதரடியில் போட்டார். இங்கிருந்து ஒரு இலைகூட வெளியே போகாது என்றார். கத்தியைப் பிடி என் பக்கம் வரும்படி நீட்டினார். திரும்பி நடக்கிறபோது, நீங்கள் தேடிவந்த தடம் மாட்டுத் தடம் இல்லை, மரை மான் தடம் என்று சொல்லிவிட்டு முன்னால் போய் வழிகாட்டினார்.

மாடு கொட்டிலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாம் கிளம்பிய கையோடு அதுவாகத் திரும்பி வந்ததாம். சம்பந்தியம்மா இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "எந்த வயலுக்கு நாத்து நடப் போனீங்க?" என்று கேட்டார். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் நின்றது. படியில் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டீர்கள். "ஒங்க சம்பந்தி சகதிக்குள்ள எறங்கிட்டாரு. நான்தான் இழுத்துப் போட்டேன்."

குப்புறக் கிடந்ததில் என் மேலும் சேறு பூசியிருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் உங்களைப் பார்த்தேன். காட்டுக்குள் பழியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வாசலில் பேரையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்று எனக்குத் தோன்றியது. "ஆமா, சம்பந்தி இல்லாட்டி நான் இல்ல" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பீலிக்கரைக்குப் போகவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு கீழ்க்கணக்குக்கு இறங்கி, என் காம்பராவுக்கு வந்து, எனக்கு மட்டும் படித்துக்காட்டினீர்கள். உங்கள் கால் நடக்கிறவரை அது நிற்கவில்லை. கைநாட்டு என்ற சொல்லை அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, உங்கள் கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தீர்கள். கொடி அறுத்த தழும்பு உங்கள் உள்ளங்கையிலும் இருந்தது. அதே நீளம், அதே சாய்வு. "இத வச்சு யாரு யார இழுத்தான்னு எவனாலயும் சொல்ல முடியாது, சம்பந்தி" என்றீர்கள். நர்ஸ் வந்து சிரிக்கக் கூடாது என்று சொன்னார்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பலகைப் பாதையில் போகிறபோது மறுபடியும் அந்தப் பனி வந்தது. அதே மாதிரி மலையடியிலிருந்து. சுகன்யா போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "தாத்தா, எவ்வளவு செவப்பா இருக்கு பாருங்க" என்று குனிந்தாள். படம் பிடிக்க ஒரு காலைப் பலகையிலிருந்து எடுத்து அந்தச் சிவப்பின்மேல் வைக்கப்போனாள்.

"அது ரோடு இல்ல," என்று கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவளுக்கு விளங்கியிருக்காது. அவளுடைய பையின் வாரைப் பிடித்து இழுத்தேன். அவள் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். என் கால் ஒன்று வெளியே போய் முழங்கால்வரை இறங்கியது. கீழே ஒன்றுமே இல்லை சம்பந்தி, எதுவும் காலைத் தாங்கவில்லை. அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வெடுக்கென்று இழுக்கவில்லை. அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொறுத்துத்தான் இழுத்தாள்.

பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் என் கையை விடவில்லை. விரலால் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா, மேல்கணக்குத் தாத்தாதானே ஒங்கள இதுக்குள்ளருந்து இழுத்தாரு?"

"ஆமா."

"இழுத்தவரு கையிலதானே தழும்பு இருக்கணும்?"

மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை. எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். பக்கத்தில் ஒரு பாந்துராச் செம்பு ஆடிக்கொண்டிருந்தது. தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இப்போது எனக்குப் போர்டு படிக்கத் தெரியுமே, சாக்குச் சொல்ல முடியாது.

"கயிறுன்னா ரெண்டு முனையிலயும் அறுக்கும்மா," என்றேன். "பிடிச்சுக்கிட்டுக் கெடந்தவன் கையிலயும் தழும்பு விழும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். தோள் குலுங்க, உங்கள் சிரிப்பு. நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பேர் உங்களிடமே இருக்கட்டும். நான் மாற்றிச் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பேனாவைப் பிடிக்கிறபோது அந்தத் தழும்பு மடிப்பில் கை இழுக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வரியும் பாதியில் சாய்ந்து ஒரு பக்கமாகப் போகிறது. சுகன்யா கோடு போட்டுத் தந்தும் நேராகவில்லை. இனி நேராகாது என்று நினைக்கிறேன், எனக்கும் அதில் வருத்தம் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்கப்போகிறேன். முதல் பக்கத்தை நானே சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு, எனக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று அடுத்த கிழமை உங்களுக்கு எழுதுகிறேன்.